ஒயின் சீமையில் மூன்று நாள்: முகம் பார்க்காத நண்பர்களோடு நாபா, சொனோமா

பிசிராந்தையார் தான் முகம் பார்த்திராத நண்பன் கோப்பெருஞ்சோழனைத் தேடி வந்தது சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது. அவ்வளவு நாள் காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. சமையல் குறிப்பு எழுதியும், ஒருவர் எழுதியதை மற்றவர் செய்து பார்த்தும், "உன் அளவுப்படி புளி போட்டால் வாயில் வைக்க முடியலையே" என்று சண்டை போட்டும் வருஷக்கணக்கில் பழகிய ஆறு பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. கலிஃபோர்னியாவின் ஒயின் சீமையில் மூன்று நாள் சந்திப்பது என்று முடிவு செய்தோம்.

முதல் பயணத்தில் ஒயினரிகளை, அதாவது ஒயின் செய்து சுவைக்கவும் தரும் இடங்களை, வைத்து நாளைப் பிரித்தோம். ஒரே நாளில் ஐந்து. நான்காவதில் என்ன குடித்தோம் என்று இன்றுவரை ஆறு பேருக்கும் ஆறு ஞாபகம். இரவு வீடு வந்ததும் ஆளுக்கொரு மூலையில் தூக்கம். வாங்கி வைத்த காய்கறி வதங்கிப் போனது. அடுத்த முறை இரவுச் சமையலை முதலில் எழுதிக்கொண்டு, மிச்சமிருந்த நேரத்தில் ஒயினரிகளை நுழைத்தோம். அந்த இரண்டாவது வகைப் பயணத்துக்கு வழி சொல்கிறேன்.

முதல் வேலை: ஆளும் காசும்

ஆறு பேர் போதும். ஆறு பேருக்கு ஒரு வேன், ஒரு மேசை, ஒரு அடுப்பு சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் பல ஒயினரிகள் "பெரிய குழு" என்று தனிக் கட்டணமும் தனி ஏற்பாடும் கேட்கும். எட்டு பேர் வந்தால் பேச்சும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

டிக்கெட் எடுக்கும் முன் எல்லோரும் ஒருமுறை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். எழுத்தில் கலகலப்பாக இருப்பவர் பேச்சில் கூச்சக்காரராக இருக்கலாம். நேரில் போய் அதிர்ச்சி அடைவதைவிட இது மேல். அந்தப் பேச்சில் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். யார் குடிக்க மாட்டார், யார் எதைச் சாப்பிட மாட்டார், யாரால் எவ்வளவு செலவழிக்க முடியும்.

குடிக்காதவர் இருந்தால் அது குறையில்லை. எங்களில் ஒருவர் ஒரு சொட்டுத் தொட மாட்டார். மூக்கு மட்டும் எங்கள் எல்லோரையும்விடக் கூர்மை. கிளாஸை முகர்ந்து பார்த்து "இதில் ஏலக்காய்" என்பார், பரிமாறுபவரே தலையாட்டுவார். சுவைக்காமல் உடன் மட்டும் வருபவரைப் பல இடங்களில் கட்டணமின்றி அனுமதிப்பார்கள், சில இடங்களில் நாற்காலிக்கே காசு. முன்பதிவின்போதே கேளுங்கள். "ஒரு வாய்தானே" என்று யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

சுத்த சைவக்காரர்களுக்கு ஒரு தகவல். ஒயினைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை எல்லாம் பயன்படுத்துவது உண்டு. களிமண் வகையைச் சேர்ந்த பென்டோனைட்டால் தெளிய வைப்பவர்களும், தெளிய வைக்காமலே புட்டியில் அடைப்பவர்களும் இருக்கிறார்கள். லேபிளில் பெரும்பாலும் இருக்காது. கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.

காசுக்கு நாங்கள் வைத்திருக்கும் முறை: வீடு, வேன், மளிகை மூன்றும் பொது, ஆறால் வகுப்போம். டேஸ்டிங், அதாவது ஒயினரியில் சுவைத்துப் பார்க்கும் கட்டணம், அவரவர் பொறுப்பு. வாங்கும் புட்டி வாங்கியவருக்கு. கணக்கை அன்றன்று இரவு தூங்கும் முன் தீர்த்துவிட வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு 38 டாலருக்காக நினைவூட்டல் அனுப்புவது பத்து வருஷ நட்புக்கும் கசப்பு.

அமெரிக்காவில் மது அருந்த 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நரைத்த தலைக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்கட்டும்.

எந்த மாதம்

பிப்ரவரி, மார்ச்சில் திராட்சைக் கொடிகள் மொட்டையாக நிற்கும். வரிசைகளுக்கு நடுவே கடுகுப்பூ மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மழை வரலாம், கூட்டம் இருக்காது, அறை வாடகையும் இறங்கும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பச்சை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை. புளிக்கும் திராட்சையின் வாசனை சாலை வரைக்கும் வரும். பழம் சூடேறாமல் இருக்க நள்ளிரவில் விளக்கு போட்டுக்கொண்டு பறிப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஜன்னல் வழியே தோட்டத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு அது திருவிழா இல்லை. பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் அவர்கள். வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுத்து இடைஞ்சல் செய்யாதீர்கள்.

அறுவடைக் காலம்தான் காட்டுத்தீக் காலமும். 2017 அக்டோபரிலும் 2020 செப்டம்பரிலும் இந்தப் பக்கம் பெருந்தீ பரவி வீடுகளும் ஒயினரிகளும் எரிந்தன. இலையுதிர் காலத்தில் போவதாக இருந்தால், ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் முன்பதிவாக மட்டும் போடுங்கள்.

என்னைக் கேட்டால் நவம்பர் நடுவில், வார நாட்களில். கொடியில் இலைகள் சிவந்து கிடக்கும், அறுவடை முடிந்த களைப்பில் ஒயினரிக்காரர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். சில உணவகங்களுக்குத் திங்கள், செவ்வாய் விடுமுறை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாபாவா, சொனோமாவா

இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கவுன்ட்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. நடுவே மாயகாமாஸ் மலைத்தொடர். வரைபடத்தில் கைவிரல் அகலம்தான் தெரியும், வளைந்து வளைந்து ஏறி இறங்கும் மலைப்பாதையில் வயிறு அதை நம்பாது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நினைக்காதீர்கள்.

நாபா பள்ளத்தாக்கு நீளம் சுமார் 30 மைல், அகலம் அதிகபட்சம் 5 மைல். தெற்கில் நாபா நகரம். வடக்கே போகப் போக யோன்ட்வில், ஓக்வில், ரதர்ஃபோர்ட், செயின்ட் ஹெலீனா, கடைசியில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன கலிஸ்டோகா. நமக்கு வடக்கு என்றால் குளிர் என்று தோன்றும், இங்கே தலைகீழ். தெற்கே சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து பனிமூட்டமும் குளிர்காற்றும் நுழைகின்றன. அவை வடக்கே போகும்போது தேய்ந்துவிடுகின்றன. அதனால் தெற்கு முனையில் உள்ள கார்னெரோஸில் குளிரை விரும்பும் பினோ நுவார், ஷார்டனே வகைத் திராட்சைகளும், வெயில் ஏறும் நடு, வடக்குப் பகுதிகளில் கேபர்நே சாவின்யோனும் பயிராகின்றன. காலையில் ஸ்வெட்டர், மதியம் சட்டை, இரவு மறுபடி ஸ்வெட்டர். இதுதான் உடைப் பட்டியல்.

நாபாவின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது 1976 மே 24 அன்று. பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பிரெஞ்சு ஒயினுக்கும் கலிஃபோர்னியா ஒயினுக்கும் ஒரு போட்டி வைத்தார். பிரெஞ்சு நடுவர்கள் லேபிள் தெரியாமல் சுவைத்து மதிப்பெண் போட்டார்கள். வெள்ளையில் முதலிடம் ஷாடோ மான்டெலீனாவின் 1973 ஷார்டனே, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 கேபர்நே. இரண்டும் நாபா ஒயினரிகள். அதற்கு முன் இது திராட்சையோடு ஆல்பக்கடாவும் வால்நட்டும் விளைந்த விவசாயப் பூமி. 1968இலேயே விளைநிலத்தைக் கட்டிடங்களிடமிருந்து காக்கத் தனிச் சட்டம் போட்டதால்தான் இன்றும் சாலையின் இருபுறமும் திராட்சைக் கொடி நிற்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் வேறு, ஸ்டாக்ஸ் லீப் ஒயினரி வேறு. முன்பாதிப் பெயரில் ஆங்கிலத்தில் அபாஸ்ட்ரஃபி குறி நிற்கும் இடம் மட்டும்தான் வித்தியாசம், தமிழில் எழுதினால் அதுவும் போய்விடுகிறது. பெயரை நம்பாமல் முகவரியைப் பார்த்துப் போங்கள்.

சொனோமா பரந்த பூமி, பல பள்ளத்தாக்குகள். ரஷ்யன் ரிவர் பள்ளத்தாக்கில் பினோ நுவாரும் ஷார்டனேயும், ட்ரை க்ரீக்கில் ஸின்ஃபண்டெல், அலெக்ஸாண்டர் பள்ளத்தாக்கில் கேபர்நே. ஒயின் தொழிலில் நாபாவுக்கு மூத்ததும் இதுதான்: அகோஸ்டன் ஹராஸ்தி என்ற ஹங்கேரிக்காரர் 1857இல் இங்கே புவேனா விஸ்டாவைத் தொடங்கினார், நாபாவில் சார்ல்ஸ் க்ரக் தொடங்கியது 1861இல். சொனோமா ஊரின் நடுவே ஒரு சதுக்கம், அதன் மூலையில் 1823இல் தொடங்கிய பழைய கத்தோலிக்க மிஷன், சுற்றிலும் கடைகளும் டேஸ்டிங் அறைகளும். நடந்தே சுற்றலாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை: தங்குவது சொனோமா பக்கம், நாபாவுக்கு ஒரு நாள். நாபாவில் பளபளப்பும் விலையும் கூடுதல். சொனோமாவில் ஒயின் செய்தவரே கிளாஸில் ஊற்றும் இடங்கள் இன்னும் நிறைய.

வீடு

சொனோமாவில் தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாபா கவுன்ட்டியில் ஊர் எல்லைகளுக்கு வெளியே 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விட அனுமதி இல்லை. "திராட்சைத் தோட்டத்து நடுவில் வீடு" என்று நாபாவில் யாராவது இரண்டு இரவுக்குத் தந்தால் சந்தேகப்படுங்கள். சொனோமாவிலும் வீட்டுக்காரருக்கு அனுமதி வேண்டும், ஆனால் அனுமதி பெற்ற வீடுகள் இருக்கின்றன. அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இரவில் வெளியே சத்தம் போடக் கூடாத நேரம் என்று ஒன்று இருக்கும். நம் ஆட்கள் சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும்; அதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டுப் படங்களில் படுக்கையறையைப் பார்ப்பதற்கு முன் சமையலறையைப் பாருங்கள். எத்தனை பர்னர், அடிகனமான பாத்திரம் உண்டா, எல்லோரும் உட்காரப் பெரிய மேசை உண்டா, ஒயின் கிளாஸ் எத்தனை. நல்ல கத்தி எந்த வாடகை வீட்டிலும் இருக்காது. ஒருவர் சூட்கேஸில் போட்டு எடுத்து வரட்டும். அஞ்சறைப் பெட்டியும் அப்படியே.

அறை ஒதுக்கீட்டை முன்கூட்டியே முடியுங்கள். குறட்டை விடுபவர்கள் நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஒயினரி: ஒரு நாளைக்கு இரண்டு

ஏன் இரண்டு மட்டும்? ஒரு டேஸ்டிங்கில் பெரும்பாலும் ஐந்து வகை ஊற்றுவார்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 மில்லி. ஐந்துக்கு 225 மில்லி. இரண்டு ஒயினரிகளில் 450 மில்லி, அதாவது 750 மில்லி புட்டியில் பாதிக்கு மேல். நாபா கேபர்நேயில் ஆல்கஹால் 14, 15 சதவீதம் சர்வ சாதாரணம். மூன்றாவது இடத்தில் நாக்குக்கு எதுவும் தெரியாது. இரவுச் சமையலில் உப்பைக்கூட இரண்டு தடவை போடுவீர்கள், எங்களுக்கு நடந்தது.

காலை பத்தரைக்கு ஒன்று, மதியச் சாப்பாடு, மூன்று மணிக்கு ஒன்று. நாலரைக்கு வீடு. இப்படி வைத்தால் ஒரு இடத்தில் பேச்சு நீண்டாலும் அடுத்தது கெடாது.

நாபாவில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். 1990இல் வந்த கவுன்ட்டி விதிப்படி அதற்குப் பின் தொடங்கிய ஒயினரிகள் முன்னரே சொல்லி வருபவர்களை மட்டும்தான் டேஸ்டிங்குக்கு ஏற்கலாம். கட்டணம் ஒருவருக்கு 40 டாலரைத் தாண்டுவது வழக்கம், 100 தொடும் இடங்களும் உண்டு. புட்டி வாங்கினால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் இடங்கள் இருக்கின்றன. எத்தனை புட்டி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சொனோமாவில் கட்டணம் கொஞ்சம் இறங்கும்.

ஒன்று கதை உள்ள பழைய இடம், ஒன்று சின்னக் குடும்ப இடம் என்று ஜோடி சேர்ப்பேன். பழைய இடத்துக்கு உதாரணம் கலிஸ்டோகா பக்கத்து ஷ்ராம்ஸ்பெர்க். 1862இல் தொடங்கியது, சீனத் தொழிலாளர்கள் கையால் குடைந்த குகைகளில் இன்றும் நுரை ஒயின் முதிர்கிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போனபோது சீனப் பிரதமர் சூ என்லாயோடு கோப்பை உயர்த்திய ஒயின் இங்கிருந்து போனதுதான். குகைக்குள் நடந்துவிட்டு அந்தக் கதையைக் கேட்கும்போது யாரும் பேசவில்லை. எங்கள் குழுவில் அது அபூர்வம்.

"ஒயின் கிளப்பில் சேருங்கள்" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். அதாவது வருஷத்துக்குச் சில முறை புட்டிகள் வீட்டுக்கு வரும், அட்டையிலிருந்து காசு போகும். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எங்கள் குழு விதி.

வண்டி

கலிஃபோர்னியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம்; அதற்குக் குறைவாக இருந்தும் தடுமாறினால் அதுவும் குற்றம்தான். திறந்த புட்டியை வண்டிக்குள் வைத்திருப்பதும் கூடாது. பாதி குடித்த புட்டியை டிக்கியில் வையுங்கள்.

வழி மூன்று. ஒன்று, குடிக்காத நண்பர் ஓட்டுவது. அவருக்கு அன்றைய சாப்பாடு மற்றவர்கள் செலவு, இது பேரத்துக்கு அப்பாற்பட்டது. இரண்டு, நாளுக்கொருவர் குடிக்காமல் ஓட்டுவது. அவர் முகர்ந்து, வாயில் வைத்து, துப்பிவிடலாம், ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு துப்பலிலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். மூன்று, நாள் வாடகைக்கு ஓட்டுநரோடு வேன். ஆறால் வகுத்தால் பயந்த அளவு இருக்காது. செயலியில் வண்டி கூப்பிடலாம் என்று நம்பி மலையோர ஒயினரிக்குப் போகாதீர்கள். போக வண்டி கிடைக்கும், திரும்பக் கிடைக்காது, சிக்னலும் இருக்காது.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நாபா ஏறக்குறைய 50 மைல். நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றேகால் மணி நேரம், வெள்ளி மாலை என்றால் இரண்டுக்கு மேல். சொனோமாவுக்குப் போகிறவர்கள் சான்டா ரோசாவில் உள்ள சின்ன விமான நிலையத்தையும் பாருங்கள். நாபாவுக்குள் 29ஆம் நெடுஞ்சாலை நெரியும். அதற்கு இணையாகக் கிழக்கே ஓடும் சில்வராடோ ட்ரெயில் அமைதி.

கிளாஸைக் கையில் எடுத்த பிறகு

அன்று காலை வாசனைத் திரவியம் வேண்டாம். தலையில் மல்லிகை வேண்டவே வேண்டாம். எங்கே கிடைத்ததோ, ஒருவர் வைத்து வந்தார், அடுத்த மேசைக்காரர்கள் ஒயினைத் திரும்பத் திரும்ப முகர்ந்து குழம்பினார்கள்.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், உடலில் பிடித்தால் கைச்சூடு ஏறும். ஒரு சுற்று சுழற்றி மூக்கை உள்ளே விடுங்கள். சிறு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படர விடுங்கள். அவ்வளவுதான். மேசையில் உள்ள குவளை துப்புவதற்கும் மிச்சத்தைக் கொட்டுவதற்கும். கொட்டினால் தப்பாக நினைப்பார்களோ என்று நம்மவர்கள் தயங்குவார்கள், சோற்றைக் கொட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் ஆயிற்றே. தயங்க வேண்டாம், ஒயின் தொழில்காரர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான்.

புதியவர்கள் பயப்படுவது சொற்களுக்கு. பரிமாறுபவர் "டானின்" என்பார், கூட வந்தவர் "கட்டமைப்பு" என்பார். தமிழனுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. டானின் கொடுப்பது துவர்ப்பு. பாக்கு மெல்லும்போது, நாவல்பழம் தின்றபின், பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் ஈறு இழுக்குமே, அதேதான். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஓக் பீப்பாயிலிருந்தும் வருகிறது. ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள் இதைச் சுவை என்று சொல்வதா, உணர்வு என்று சொல்வதா என்று தடுமாறுவார்கள். நாம் அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவர்கள். ஒவ்வொரு வாய்க்கும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்: எவ்வளவு புளிப்பு, எவ்வளவு துவர்ப்பு, தொண்டையில் எவ்வளவு காரம். அந்தக் காரம் ஆல்கஹாலின் சூடு. கேபர்நேயில் துவர்ப்பு தூக்கலாக, பினோ நுவாரில் துவர்ப்பு அடங்கிப் புளிப்பு முன்னே, ஸின்ஃபண்டெலில் பழம் பழுத்துச் சூடு ஏறி நிற்கும். மற்றதெல்லாம் உங்கள் ஞாபகம். "கறுப்பு செர்ரி" என்று அவர்கள் எழுதியிருப்பது உங்களுக்கு உலர்ந்த கிஸ்மிஸாகவோ, மழைக்குப் பின் மண்ணாகவோ, அப்பாவின் பொடி டப்பாவாகவோ இருக்கலாம். உரக்கச் சொல்லுங்கள். எங்கள் பயணத்தின் நல்ல பேச்செல்லாம் இப்படி ஆரம்பித்ததுதான். "பொடி டப்பா" என்று ஒருவர் சொன்னதும் அவருடைய அப்பா கதை ஒரு மணி நேரம் ஓடியது. வருஷக்கணக்கில் அவர் எழுதியதில் அப்பா வந்ததே இல்லை.

லேபிளைப் பற்றி இரண்டு வார்த்தை. திராட்சை வகையின் பெயர் போட்டிருந்தால் அந்த வகை குறைந்தது 75 சதவீதம். நாபா பள்ளத்தாக்கு என்று போட்டிருந்தால் பழத்தில் 85 சதவீதமாவது அங்கே விளைந்தது. "ரிசர்வ்" என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படி ஒரு பொருளும் கிடையாது. அதற்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

சந்தையும் அடுப்பும்

இனி முக்கியமான வேலை. செயின்ட் ஹெலீனாவில் வெள்ளிக்கிழமை காலையும், ஹீல்ட்ஸ்பர்க்கில் சனிக்கிழமை காலையும் உழவர் சந்தை கூடும். குளிர் மாதங்களில் இருக்காது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். சந்தை இல்லாத நாளுக்கு நாபா நகரத்து ஆக்ஸ்போ சந்தைக் கட்டிடம். ஓக்வில்லில் 1881இலிருந்து நடக்கும் மளிகைக் கடையும் உண்டு, ரொட்டியும் சீஸும் வாங்கி வெளியே பெஞ்சில் சாப்பிடலாம். சொனோமா ஊரில் வெல்லா சீஸ் கடை, 1931 முதல். அங்கே ட்ரை ஜாக் என்ற முதிர்ந்த கட்டி சீஸ் வாங்குங்கள். தோலில் எண்ணெய், கோகோ, மிளகுத்தூள் பூசியிருப்பார்கள். தோசை முறுகும்போது துருவிப் போட்டுப் பாருங்கள். எங்கள் குழுவின் பரம்பரைத் தோசைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு இரண்டாவது கேட்டார்.

என்ன சமைப்பது என்பதைவிட யார் சமைப்பது என்பதில் சிக்கல். ஆறு சமையல்காரர்கள் ஒரே அடுப்பில் நின்றால் உலை பொங்காது. இரவுக்கு இருவர் சமைக்கட்டும், மற்றவர்கள் நறுக்குவது, கழுவுவது, ஊற்றுவது. அடுப்பில் நிற்பவர் கேட்டாலன்றி யோசனை சொல்லக் கூடாது. கஷ்டமான விதிதான்.

நம் சாப்பாட்டுக்கு ஒயின் சேராது என்பார்கள். சரியான ஒயின் சேரும். மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் கூடும், துவர்ப்பும் முரண்டு பிடிக்கும். அதனால் பெரிய விலை கொடுத்த கேபர்நேயைக் காரக்குழம்போடு திறக்காதீர்கள், இரண்டும் வீண். வடை, பஜ்ஜி மாதிரி எண்ணெயில் பொரித்ததற்கு நுரை ஒயின் போல ஒன்று கிடையாது. நுரையும் புளிப்பும் எண்ணெய்ப் பிசுக்கை வழித்து எடுத்துவிடும். ஷ்ராம்ஸ்பெர்க்கில் வாங்கியதை மெதுவடையோடு திறந்தோம், நிக்சனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. புளி சேர்ந்த குழம்புக்குச் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின், ஏனென்றால் சாப்பாட்டைவிட ஒயினில் புளிப்பு குறைந்தால் அது தண்ணீர் மாதிரி ஆகிவிடும். தேங்காய்ப்பால் சொதிக்கு ஷார்டனே. காரம் நிச்சயம் வேண்டும் என்பவர்கள் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங், கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயின்களைத் தேடுங்கள். வடக்கே மென்டோசினோ கவுன்ட்டியின் ஆண்டர்சன் பள்ளத்தாக்கில் நன்றாக விளைகிறது, சொனோமா கடைகளில் கிடைக்கும். அந்தக் கேபர்நேயை ஒரு இரவு மிளகாய் இல்லாமல், மிளகும் உப்பும் போட்டுச் சுட்ட ஆட்டுக்கறியோடு திறங்கள். சைவக்காரர்களுக்கு அதே மசாலாவில் வெண்ணெயில் வதக்கிய காளான்.

படம் எடுக்கும் ஆட்கள் நாம். சாப்பாடு ஆறும்வரை தட்டைச் சுற்றி ஆறு கேமரா. முதல் ஐந்து நிமிஷம் படத்துக்கு, அப்புறம் போன் எல்லாம் வேறு அறைக்கு என்று வைத்துக்கொண்டோம். ஒருவர் மறுப்பு சொன்னால் அவர் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது.

வெளியே ஒரு வேளை

ஒரு மதியம் வெளியே சாப்பிடுங்கள், இரவு வேண்டாம். விலை குறைவு, தூக்கமும் கெடாது. யோன்ட்வில்லில் தாமஸ் கெல்லர் 1994இலிருந்து நடத்தும் ஃபிரெஞ்ச் லாண்ட்ரி உலகப் புகழ். காய்கறி மட்டுமே கொண்ட பல பந்தி விருந்தும் அங்கே உண்டு. ஆனால் ஒருவர் சாப்பாட்டுச் செலவில் ஆறு பேரின் மூன்று நாள் மளிகை அடங்கிவிடும். எதிரே உள்ள அதன் காய்கறித் தோட்டத்தைச் சும்மா போய்ப் பார்க்கலாம். எங்களில் பாதிப்பேர் அங்கே நின்று பாத்தி பார்த்தே திருப்தியானோம்.

பல உணவகங்களில் உங்கள் புட்டியை நீங்களே கொண்டு போகலாம். திறந்து ஊற்ற கார்க்கேஜ் என்று ஒரு கட்டணம், கேட்டுக்கொண்டு போங்கள். டிப்ஸ் 18இலிருந்து 20 சதவீதம்; குழுவுக்குச் சில இடங்களில் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், இரண்டு முறை கொடுத்துவிடாதீர்கள். இன்னொரு மதியம் சொனோமா சதுக்கத்துப் பூங்காவில் ரொட்டி, சீஸ், ஒரு புட்டியோடு உட்காரலாம். பொது இடத்தில் மது அமெரிக்காவில் பெரும்பாலும் தடை. இங்கே பகலில் அனுமதி உண்டு, நேரம் பலகையில் இருக்கும்.

புட்டிகளை ஊர் சேர்ப்பது

வெயில் நாளில் புட்டியை வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஒரு முறை திரும்பி வந்தபோது கார்க் கால் அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. உள்ளே வெந்த பழச்சாறு. ஐஸ் இல்லாவிட்டாலும் ஒரு தெர்மாகோல் பெட்டி வண்டியில் இருக்கட்டும்.

ஒயினரிகள் எல்லா மாநிலத்துக்கும் அனுப்புவதில்லை, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. விமானத்தில் கைப்பையில் போகாது, சூட்கேஸில் போகும். 24 சதவீதத்துக்குக் குறைந்த ஆல்கஹாலுக்கு அமெரிக்க விமான விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை, எடைதான் கட்டுப்பாடு. நிறைந்த புட்டி ஒன்று ஏறக்குறைய 1.3 கிலோ, கனமான கண்ணாடி என்றால் கூடுதல். இந்தியா போகிறவருக்குச் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர். கனடாவுக்கு, 48 மணி நேரமாவது வெளியே இருந்திருந்தால், ஒயின் 1.5 லிட்டர், அதாவது இரண்டு புட்டி.

பொதியும்போது நண்பர்கள் கொண்டுவந்து தந்த மாவடு, புளிக்காய்ச்சல் வகையறாவையும் மறக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் அவையும் திரவக் கணக்கில்தான். 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். சூட்கேஸில் புட்டிகளோடு வையுங்கள், இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டி. நான் ஒரு பைதான் போட்டேன். அந்த ட்ரை க்ரீக் ஸின்ஃபண்டெலின் லேபிளில் இன்னும் மாவடு வாசனை.